சித்தப்பாவின் மணிக்கட்டு எழும்பவில்லை: கை, கால் நரம்புகளை எப்படிப் படிச்சீங்க?

உவர்மலைப் பெடியன் | இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். மருத்துவபீடத்தில் இரண்டாம் வருடம். லீவுக்கு திருகோணமலை வந்து நிற்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதப்போறேன், பொறுத்துக்கொள்ளுங்க.

மூன்று கிழமைக்கு முதல் குச்சவெளியில் இருக்கிற என் சித்தப்பா இரவு வீட்டுக்குப் போகும்போது றோட்டில் மாடு குறுக்கே வந்து மோட்டார் சைக்கிளோட விழுந்திட்டார். வலது புயவென்பு நடுவில் முறிவு. தோல் கிழியவில்லை. ஒரு வைத்தியசாலையில் இழுத்து நேராக்கி, கட்டுப் போட்டு, கிளினிக் திகதி கொடுத்து அனுப்பினாங்க. வீட்டுக்கு வந்து இரண்டாம் நாள் சித்தி தேத்தண்ணிக் கோப்பையை நீட்டினபோதுதான் தெரிந்தது, கை தொங்குது. விரலை மடக்குறார், நீட்ட முடியவில்லை. மணிக்கட்டு எழும்பவே இல்லை. விழுந்த உடனேயே அப்படியா, இழுத்த பிறகு அப்படியா என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. வலியில் அதை யார் பார்த்தது? கார்டிலும் ஒரு வரி இல்லை.

கைக்குப் போகிற பெரிய நரம்புகள் மூன்று: ரேடியல், அல்னார், மீடியன். நான் பார்த்த உடனே ரேடியல் நரம்பு என்று சொல்லிப்போட்டேன். அது எங்களுக்குப் பாடம். "டொக்டர் கூமா" (DR CUMA) என்று ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து எல்லாரும் பாடமாக்கி வைத்திருப்பது: தொங்கினால் ரேடியல், நகம் மாதிரி வளைந்தால் அல்னார், குரங்குக் கை என்றால் மீடியன். அதுக்குப் பிறகு சித்தப்பா கேட்டார், "இது வருமா மகன்? எப்ப வரும்? எஞ்சின் கயிறு இழுக்கிற கையல்லோ." அவர் வள்ளத்தில் போகிறவர். எனக்கு வாய் திறக்கவில்லை. வாய்மூலப் பரீட்சையில் நல்லாச் சொன்னவன் நான். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒன்றுமே இல்லை.

அதுதான் கேட்கிறேன். நீங்க எல்லாம் இந்த நரம்புகளை எப்படிப் படிச்சீங்க? நோயாளிக்குப் பதில் சொல்லக்கூடிய மாதிரிப் படிக்க என்ன செய்யவேணும்?


சாம்பல்தீவு | இரவு 9.58

மச்சான், சித்தப்பாவுக்கு சுகம் கிடைக்கட்டும். நானும் உன்னை மாதிரித்தான். என்னிடம் ஒரு அட்டவணை இருக்கு, நரம்பு, வேர், தசை, காயம், அடையாளம் என்று ஐந்து நிரல். அனுப்பிவிடவா? மூன்று தரம் எழுதினால் மனதில் நிற்கும்.


முறிவு வார்ட் அண்ணா | இரவு 10.31

தம்பிமாருக்கு வணக்கம். எலும்பு முறிவு வார்டில் சில வருடம் வேலை செய்தவன். அட்டவணையைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டேன், ஆனால் அது பரீட்சைக்கு முதல் நாள் பார்க்கிற சாமான். அட்டவணையில் தூரம் இல்லை, வரிசை இல்லை. சித்தப்பாவின் கேள்விக்குப் பதில் அந்த இரண்டிலும்தான் இருக்கு.

திருகோணமலையில் இருந்து புல்மோட்டைக்குப் போகிற பஸ்ஸை நினைச்சுப் பாருங்க. உப்புவெளி, சாம்பல்தீவு, நிலாவெளி, இறக்கக்கண்டி, கும்புறுப்பிட்டி, குச்சவெளி. இறக்கக்கண்டிப் பாலம் உடைந்தால் நிலாவெளி ஆட்களுக்கு ஒரு குறையும் இல்லை. கும்புறுப்பிட்டிக்கு அங்கால் உள்ள எல்லாருக்கும் பஸ் இல்லை. நரம்பும் அப்படியே. எந்தத் தசைக்கு எந்த இடத்தில் கிளை இறங்குது என்று தெரிந்தால், எந்தத் தசை வேலை செய்யுது, எது செய்யவில்லை என்று பார்த்து, பாலம் உடைந்த இடத்தை நீங்களே சொல்லலாம்.

ரேடியல் நரம்பு கமக்கட்டில் இருக்கும்போதே, முழங்கையை நீட்டுகிற டிரைசெப்ஸ் தசைக்கு முதல் கிளைகளைக் கொடுத்துவிடும். பிறகு புயவென்பின் பின்பக்கத்துச் சுருள் பள்ளத்தில் எலும்போடு ஒட்டினபடி சுற்றி, வெளிப்பக்கம் வந்து, முழங்கை வெளிமுனைக்குச் சுமார் 10 சென்ரிமீற்றர் மேலே தசைத் திரையைக் குத்தி முன்னுக்கு வரும். வந்தபிறகு முழங்கையை மடக்க உதவுகிற பிராக்கியோரேடியலிஸ் தசை, அதற்கு அடுத்து மணிக்கட்டைப் பெருவிரல் பக்கமாகத் தூக்குகிற நீண்ட தசை. முழங்கைக்கிட்ட இரண்டாகப் பிரியும். மேலோட்டமான கிளை உணர்வுக்கு. ஆழக்கிளை சுப்பினேற்றர் தசைக்குள்ளால் பூந்து விரல் நீட்டுகிற தசைகளுக்கும், கடைசியாகப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் நீட்டுகிற தசைகளுக்கும் போகும்.

இப்ப மூன்று ஆட்களைப் பாருங்க. ஊன்றுகோலைக் கமக்கட்டில் அழுத்திக்கொண்டே நடந்தவருக்கு டிரைசெப்ஸும் பலவீனம், மணிக்கட்டும் தொங்கும். உங்க சித்தப்பா மாதிரி நடுப்புயத்தில் முறிந்தவருக்கு முழங்கையை நீட்ட முடியும், ஆனால் மணிக்கட்டும் விரலும் போச்சு, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் புறங்கையில் உணர்வு குறையும். முழங்கைக்குக் கீழே ஆழக்கிளை மட்டும் அடிபட்டவர் மணிக்கட்டைத் தூக்குவார், ஆனால் கை பெருவிரல் பக்கமாகச் சரிந்து எழும்பும், விரல் நீளாது, தோலில் ஒரு விறைப்பும் இராது. மூவரும் "ரேடியல்"தான். மூவருக்கும் சொல்லவேண்டிய பதில் வேற வேற.

இனி, வருமா என்ற கேள்வி. ஆங்கிலேயரான சேர் ஹேர்பேர்ட் செடன் 1943இல் மூன்றாகப் பிரித்தது இன்றும் நல்ல வழிகாட்டி. நரம்பு அதிர்ந்து மின்கடத்தல் மட்டும் நின்றிருந்தால் நியூராபிராக்சியா, கிழமைக் கணக்கில் திரும்பும். உள்ளே இழை அறுந்து உறை மிஞ்சியிருந்தால் அக்சோனோட்மீசிஸ், அறுந்த இடத்தில் இருந்து இழை திரும்ப வளர்ந்து வரவேணும். முழுதாகத் துண்டானால் நியூரோட்மீசிஸ், தைக்காமல் வராது. தோல் கிழியாத புயவென்பு முறிவில் பெரும்பாலும் முதல் இரண்டில் ஒன்றுதான். அதனால்தான் பெரும்பாலானவர்களுக்குக் கத்தி வைக்காமலே திரும்புது, மூன்று நான்கு மாதம் பார்த்துக்கொண்டிருப்பதும் வழமை. திறந்த காயம் என்றால் கதை வேற, அங்கே நரம்பைத் திறந்து பார்க்கவேணும்.

கார்டில் ஒரு வரி இல்லை என்று எழுதியிருந்தீங்க. அதை வாசிக்க எனக்கு மனம் கொதிச்சது. இழுக்க முதல் பெருவிரலைத் தூக்கச் சொல்லிப் பார்க்க பத்து விநாடி போதும். இழுத்த பிறகு இன்னொரு பத்து விநாடி. முதல் நல்லாயிருந்து இழுத்த பிறகு போயிருந்தால், நரம்பு எலும்புத் துண்டுகளுக்கு இடையில் சிக்கிவிட்டதா என்று யோசிக்கவேணும். 1963இல் ஹோல்ஸ்டீன், லூயிஸ் என்ற இருவர் எழுதினதே புயவென்பின் கீழ்மூன்றிலொரு பங்கில் வருகிற சுருள் முறிவில் நரம்பு அப்படி அகப்படுவதைப் பற்றி. அந்த ஒரு வரி எழுதப்படாததால் இன்று யாருக்கும் தெரியாது. நீங்க வார்டுக்கு வரும்போது கட்டுப் போட முதலும் போட்ட பிறகும் நரம்பையும் நாடித்துடிப்பையும் பார்த்து எழுதுங்க. ஒரு நாளும் விடாதீங்க.


உவர்மலைப் பெடியன் | இரவு 11.05

அண்ணா, கோடி நன்றி. இன்னொன்று. நான் சோதிக்கும்போது சித்தப்பா விரலின் நடு மொளியையும் நுனியையும் கொஞ்சம் நீட்டினார். ரேடியல் முழுதாகப் போயிருந்தால் அது எப்படி?


பிசியோ அக்கா | காலை 6.15

இதுக்கு நான் பதில் சொல்றேன் தம்பி, ஏனென்றால் எங்களிடம் வருகிற மாணவர்கள் எல்லாரும் இதில்தான் வழுக்கி விழுறாங்க.

விரலின் நடு மூட்டையும் நுனி மூட்டையும் உள்ளங்கைச் சிறுதசைகளும் நீட்டும். அவற்றுக்கு அல்னார் நரம்பும் மீடியன் நரம்பும். ரேடியல் நரம்பு மட்டுமே செய்கிற வேலை விரல் உள்ளங்கையோடு சேர்கிற மூட்டை, அந்த முட்டி மொளியை நீட்டுவது. அதனால் மணிக்கட்டை நீங்க ஒரு கையால் தாங்கிப் பிடிச்சு, முட்டி மொளியில் நீட்டச் சொல்லுங்க.

பெருவிரலிலும் ஏமாற்று இருக்கு. நுனி மூட்டை மட்டும் நீட்டுவதைக் கணக்கெடுக்காதீங்க, மீடியன் நரம்புத் தசை ஒன்றின் நார் அங்கேயும் போய்ச் சேருது. மேசையில் உள்ளங்கையைத் தட்டையாக வைக்கச் சொல்லி, பெருவிரலை மட்டும் மேசையை விட்டுக் கூரைப் பக்கம் தூக்கச் சொல்லுங்க. அதை வேற தசையால் செய்ய முடியாது.

மூன்றாவது. கை தொங்கிக்கொண்டிருக்கிற ஆளிடம் விரலை அகட்டச் சொன்னால் அகட்ட முடியாது. உடனே அல்னாரும் போச்சு என்று எழுதிப்போடுவாங்க. அது பிழை. விரல் மடிந்திருக்கும்போது யாராலும் நல்லா அகட்ட முடியாது. அதே கையை மேசையில் தட்டையாக வைத்து அகட்டச் சொல்லுங்க, அகலும்.

இப்ப நீங்களே ஒன்று செய்து பாருங்க. உங்க மணிக்கட்டை நல்லா முன்னுக்கு மடிச்சு வைத்துக்கொண்டு ஒரு பேனையை இறுக்கிப் பிடிங்க. இன்னொரு கையால் பேனையை இழுங்க. வழுக்கி வரும். மணிக்கட்டைப் பின்னுக்கு நிமிர்த்திப் பிடிச்சால் வராது. சித்தப்பாவின் பிடி பலவீனமானது விரல் மடக்கிற நரம்பால் அல்ல, மணிக்கட்டு தொங்குவதால். அதனால்தான் மணிக்கட்டை நிமிர்த்தி வைக்கிற ஸ்பிளின்ற் கொடுக்கிறோம். அதைப் போட்ட அன்றே அவர் கரண்டி பிடிப்பார். அதோட ஒரு நாளைக்கு நாலைந்து தரம் மற்றக் கையால் ஒவ்வொரு விரல் மூட்டையும் முழுதாக நீட்டி மடிக்கவேணும். நரம்பு நாலு மாதத்தில் வந்து கதவைத் தட்டும்போது மூட்டு இறுகிப்போயிருந்தால் என்ன பிரயோசனம்? சித்தியிடம் சொல்லிக் கொடுங்க, ஆண்கள் மறந்துபோவாங்க, அவ மறக்க மாட்டா.


கிண்ணியா நேர்ஸ் | காலை 8.20

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லாருக்கும். ஓபிடியிலும் வார்டிலும் வேலை செய்தவள் என்ற முறையில் ஒன்று சொல்லணும். நீங்க எல்லாம் ஆங்கிலத்தில் படிக்கிறீங்க, நோயாளி தமிழில் சொல்றாங்க. இடையில் நிறையத் தொலையுது.

"விறைக்குது" என்று மூதூரில் இருந்து ஒரு உம்மா வந்து சொன்னால் அது உணர்வு குறைந்ததா, மூட்டு இறுகினதா, குளிர்ந்து போனதா? மூன்றுக்கும் அதே சொல். நான் எப்பவும் திருப்பிக் கேட்பேன், "தொட்டால் தெரியுதா? சுடுதண்ணி பட்டால் தெரியுதா? இல்லாட்டி மடக்க முடியாமல் இருக்கா?" "மதமதப்பு" என்றால் உணர்வுதான். "எறும்பு ஊருது", "கரண்ட் அடிக்கிற மாதிரி" என்றால் அந்தக் கோடு எங்கே தொடங்கி எங்கே முடியுது என்று அவங்க விரலாலேயே காட்டச் சொல்லணும். நாரியில் தொடங்கி கால் பெருவிரல் வரைக்கும் கீறிக் காட்டினால் அது முள்ளந்தண்டில் இருந்து வெளிவருகிற வேர் நரம்பு. இரவில் எழும்பிக் கையை உதறுறன் என்று சொன்னால் மணிக்கட்டுச் சுரங்கம், அதாவது மீடியன் நரம்பு மணிக்கட்டில் நசிபடுது. "கை சோருது" என்பது பலவீனமா களைப்பா என்று கேட்காமல் எழுதக்கூடாது.

சின்னப் பிள்ளைகளுக்கு இன்னொரு வழி. மதிலால் விழுந்து முழங்கைக்கு மேலே முறிந்து வருகிற பிள்ளை அழுதுகொண்டிருக்கும், மணிக்கட்டைத் தூக்கு என்றால் தூக்காது. கல், கடதாசி, கத்தரி விளையாடுவேன். கல் என்றால் பொத்துது, மீடியன். கடதாசி என்றால் விரிச்சு நீட்டுது, ரேடியல். கத்தரி என்றால் விரலை அகட்டுது, அல்னார். கடைசியாகப் பெருவிரலையும் சுட்டுவிரலையும் வட்டமாகப் பிடிக்கச் சொல்வேன். வட்டம் வராமல் நுனிகள் தட்டையாக ஒட்டினால் மீடியனின் முன்பக்க ஆழக்கிளை. அந்த முறிவில் அதிகமாக அடிபடுவது அதுதான், அதில் உணர்வுக் குறைவே இல்லாதபடியால் பார்க்காமல் விட்டுவிடுவாங்க.

ஊசியும் மறக்க வேணாம். குண்டியில் ஊசி போட்டால் மேல் வெளிக் கால்பங்கில் மட்டும். தவறின ஊசியால் ஒரு குழந்தையின் பாதம் தொங்கிப்போனதை ஒரு இடத்தில் பார்த்திருக்கேன். அந்தத் தாயின் முகம் இன்னும் கண்ணுக்குள் நிற்குது.


கோணேசபுரி சித்த மாணவி | காலை 9.02

நான் இங்கே கோணேசபுரி வளாகத்தில் சித்த மருத்துவம் படிக்கிறேன். எங்களுக்கும் உடற்கூறு முழுதாக உண்டு. நேர்ஸ் அக்கா சொன்னதோட இன்னொரு சொல்லைச் சேர்க்கணும், "நரம்பு" என்கிற சொல்லையே.

எங்கட சனத்துக்கு சேலைன் ஏத்துறது நரம்பில். கத்தி பட்டு விரல் மடங்காமல் போனால் "நரம்பு அறுந்து போச்சு". கால் கெண்டையில் நீலமாகப் புடைச்சு நிற்பதும் நரம்பு. அதாவது நாளம், தசைநாண், நரம்பு மூன்றையும் ஒரே சொல்லால் சொல்றோம். பழைய ஏடுகளிலும் இந்தக் குழப்பம் இருக்கு, அதனால் வர்மத் தலங்களை இன்றைய உடற்கூறோடு பொருத்தும்போது எந்த "நரம்பு" என்று ஒவ்வொரு இடத்திலும் நின்று யோசிக்கவேண்டியிருக்கு. ஒரு நோயாளி "நரம்பு வெட்டுப்பட்டது, தைச்சாங்க" என்றால் தைத்தது எதை என்று கார்டைப் பார்க்காமல் நம்பக்கூடாது.

முறிவு நெரிவு வைத்தியத்தைப் பற்றியும் யாராவது கேட்பீங்க. மூங்கில் மட்டை வைத்துக் கட்டுவதில் பிழை இல்லை, இறுக்கத்தில்தான் ஆபத்து.


முறிவு வார்ட் அண்ணா | மதியம் 1.10

தங்கச்சி சொன்னது முழு உண்மை. இறுக்கம் மட்டை என்றாலும் பிளாஸ்டர் என்றாலும் ஒன்றுதான், ஆஸ்பத்திரிக் கட்டாலும் கை போயிருக்கு. முன்கையில் தசைகள் உறைக்குள் அடைபட்டிருக்கு. உள்ளே வீங்கி அழுத்தம் ஏறினால் முதலில் சிற்றிரத்தக் குழாய்கள் நின்றுபோகும். நாடி அப்பவும் துடிக்கும். அதனால் "நாடி இருக்கு, பயமில்லை" என்று ஒருநாளும் சொல்லாதீங்க. முறிவுக்குப் பொருந்தாத வலி, மருந்து கொடுத்தும் ஏறிக்கொண்டே போகிற வலி, விரலை நீங்க மெதுவாக நீட்டும்போது துடிக்கிற வலி, இந்த மூன்றும்தான் மணி அடிக்கிறது. உடனே கட்டைத் தோல் தெரியுமட்டும் வெட்டித் திறக்கவேணும், பஞ்சையும் சேர்த்து. ஆறு மணித்தியாலம் போல ஆனால் தசை செத்து, பிறகு சுருங்கி, கை கோழிக்கால் மாதிரி மடங்கிக் கிடக்கும்.


சாம்பல்தீவு | மாலை 4.45

அண்ணா, அட்டவணையை மூடி வைத்துவிட்டு நேற்றிரவு முழுக்க ரேடியலை பஸ் றோட்டு மாதிரிக் கீறிப் பார்த்தேன். முதல் தரம் விளங்கினது. ஆனால் அல்னாரில் இந்த வழி வேலை செய்யவில்லை. முழங்கையில் அறுந்தால் அதிகத் தசை போகும், அப்ப கை அதிகமாக வளையவேணும். புத்தகம் மணிக்கட்டில் அறுந்தால்தான் அதிகம் வளையும் என்று சொல்லுது. ஏன்?


முறிவு வார்ட் அண்ணா | இரவு 8.50

நல்ல கேள்வி, இதைக் கேட்காமலே டொக்டராகிப் போனவர்கள் இருக்கிறாங்க.

வளைவு பலவீனத்தால் மட்டும் வருவதில்லை. ஒரு பக்கம் விட்டுப்போக, மற்றப் பக்கம் இழுப்பதால் வருவது. சுண்டுவிரலிலும் மோதிரவிரலிலும் உள்ளங்கைச் சிறுதசைகள் முட்டி மொளியை மடக்கி, நடு மூட்டையும் நுனியையும் நீட்டும். அவை போனால் நேரெதிர்: மொளி பின்னுக்கு நிமிரும், மற்ற மூட்டுகள் மடியும். மடக்குகிறது யார்? முன்கையில் இருந்து வருகிற ஆழமான மடக்குத் தசை. அதில் சுண்டு, மோதிர விரல் பங்குக்கும் அல்னார்தான் நரம்பு, ஆனால் அந்தக் கிளை முழங்கைக்குச் சற்றுக் கீழேயே இறங்கிவிடும். மணிக்கட்டில் வெட்டினால் அந்தத் தசை முழுப்பலத்தோட இழுக்குது, நகம் மாதிரி வளையுது. முழங்கையில் வெட்டினால் அதுவும் செத்ததால் இழுக்க ஆளில்லை. ஆகவே றோட்டு வழி இங்கேயும் வேலை செய்யுது. எந்தத் தசை உயிரோட மிஞ்சியிருக்கு என்றும் சேர்த்துக் கேட்கவேணும், அவ்வளவுதான்.

முழங்கையில் தைத்த ஆள் ஆறு ஏழு மாதத்தில் வந்து, "டொக்டர், விரல் இன்னும் வளையத் தொடங்கிட்டு" என்று கவலைப்படுவார். ஆழமான தசைக்கு நரம்பு வந்து சேர்ந்துவிட்டது, உள்ளங்கைக்கு இன்னும் வரவில்லை என்பதுதான் அதன் பொருள். அவருக்கு அது நல்ல செய்தி என்று சொல்ல உங்களுக்குத் தெரிந்திருக்கவேணும்.

மீன்வெட்டுகிற ஒருவரின் கதை சொல்றேன். பாரை ஒன்றைப் பிளக்கும்போது கத்தி வழுக்கி இடது மணிக்கட்டு உள்பக்கம், சுண்டுவிரல் ஓரமாக. காயம் ஒரு அங்குலம் கூட இல்லை. மூன்று தையலோட விட்டிருக்கலாம். நான் அவர் பையில் இருந்த லொத்தர் ரிக்கற்றை, பெருவிரலுக்கும் சுட்டுவிரல் பக்கத்துக்கும் இடையில் பிடிக்கச் சொல்லி இழுத்தேன். வலது கையில் பெருவிரல் நேராக நின்றது. இடது கையில் நுனி மூட்டு முன்னுக்கு மடிந்தது. பெருவிரலை உள்ளே இழுக்கிற அல்னார்த் தசை இல்லாததால் மீடியன் நரம்பின் நீண்ட மடக்குத் தசையைக் கடன் வாங்குறார். சுண்டுவிரல் நுனியில் உணர்வு இல்லை, ஆனால் புறங்கையில் அதே பக்கம் உணர்வு இருந்தது. புறங்கைக்குப் போகிற கிளை மணிக்கட்டுக்குச் சுமார் 5 சென்ரிமீற்றர் மேலேயே பிரிந்துபோவதால் கத்தி அதைத் தொடவில்லை. காயத்தைத் திறக்க முதலே எங்கே அறுந்தது என்று சொல்லிவிட்டோம். அன்றே தியேட்டருக்கு அனுப்பினோம், நரம்பும் நாடியும் இரண்டு தசைநாணும் அறுந்திருந்தது.

மணிக்கட்டில் எந்தச் சின்ன வெட்டையும் சின்னது என்று நினையாதீங்க. பெருவிரல் பக்கத்தில் இருந்து வரிசையாகக் கையால் தொட்டுப் பாருங்க: ஆரைப்பக்க மடக்குத் தசைநாண், அதற்கு உள்ளே மீடியன் நரம்பு, அதை அரைகுறையாக மூடினபடி மெல்லிய பல்மாரிஸ் நாண், நடுவில் விரல்களின் நாண்கள், பிறகு அல்னார் நாடி, அதை ஒட்டி உள்ளே அல்னார் நரம்பு, கடைசியில் அரந்திப்பக்க நாண். பல்மாரிஸ் சிலருக்குப் பிறவியிலேயே இராது, பெருவிரலையும் சுண்டுவிரலையும் ஒட்டிப் பிடிச்சு மணிக்கட்டை மடக்கினால் உங்களுக்கு இருக்கா என்று தெரியும்.

இன்னொன்று. வெட்டுக் காயமே இல்லாமல் சுண்டுவிரல் வளைந்து வந்தால் முழங்கைக்குப் பின்னால் அல்னார் நரம்பை விரலால் உருட்டிப் பாருங்க. கயிறு மாதிரித் தடித்திருந்தால், தோலில் வெளிறின உணர்வில்லாத தேமல் இருக்கா என்று உடம்பு முழுக்கத் தேடுங்க. தொழுநோய் ஒழிந்துபோன நோய் இல்லை, இன்றும் புதிய நோயாளிகள் வருகிறாங்க. மருந்து இலவசம். நேரத்தோட பிடிச்சால் கை தப்பும்.


பிசியோ அக்கா | மறுநாள் காலை 6.30

கையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், காலுக்கும் கொஞ்சம் இடம் தாங்க.

குச்சவெளிப் பக்கத்தில் வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்கிற ஒரு அம்மா வந்தா. "செருப்பு கழன்று விழுது, விழுந்தது தெரியுதில்லை" என்றா. நடக்கும்போது முழங்காலைத் தூக்கித் தூக்கி வைக்கிறா, பாதம் தட் என்று விழுது. வேற இடத்தில் முள்ளந்தண்டு என்று சொல்லி நாரிக்கு எக்ஸ்ரே எடுத்திருந்தாங்க. நான் கேட்டது என்ன வேலை, எப்படி இருந்து என்று. நாலு நாள் தொடர்ந்து காலை முதல் மாலைவரை குந்தியிருந்து வெங்காயம் கிண்டியிருக்கிறா. முழங்காலுக்கு வெளியே கீழே, கணைக்கால் வெளியென்பின் கழுத்தைச் சுற்றி பொது பெரோனியல் நரம்பு தோலுக்கு அடியிலேயே போகுது, அங்கே தொட்டால் விரலுக்கு உருளும். குந்தினபடி இருக்கும்போது அது மடிந்து நசியுது.

முள்ளந்தண்டின் நாரிப்பகுதி ஐந்தாம் வேரா, இந்த நரம்பா என்று பிரிக்க இரண்டு சோதனை போதும். பாதத்தை உள்பக்கம் திருப்பச் சொல்லுங்க. அந்தத் தசைக்கு நரம்பு பின்காலால் வருகிற டிபியல், ஆனால் வேர் அதே ஐந்து. அது பலமாக இருந்தால் நரம்பு, பலவீனம் என்றால் வேர். பிறகு பக்கவாட்டில் படுக்க வைத்துக் காலை மேலே தூக்கச் சொல்லுங்க. இடுப்புத் தசைக்கும் ஐந்தாம் வேர்தான், பெரோனியல் அல்ல. அந்த அம்மாவுக்கு இரண்டும் நல்ல பலம். பாதத்தை மேலே தூக்குவதும் வெளிப்பக்கம் திருப்புவதும் மட்டும்தான் போயிருந்தது. குந்துவதை நிறுத்தி, சின்னப் பலகையில் இருந்து வேலை செய்யச் சொல்லி, பாதத்துக்கு ஸ்பிளின்ற் கொடுத்தோம். இரண்டு மாதத்தில் செருப்போட நடந்து வந்தா.


உவர்மலைப் பெடியன் | மறுநாள் இரவு 7.15

இன்று குச்சவெளிக்குப் போனேன். மேசைச் சோதனை செய்தேன், பெருவிரல் துளிகூட எழும்பவில்லை. முழங்கை நீட்டுறார், நல்ல பலம். புறங்கையில் விறைப்பு. விரலை மேசையில் வைத்து அகட்டுறார். ஆக, பாலம் உடைந்தது சுருள் பள்ளத்தில், வேற ஒன்றும் போகவில்லை.

அண்ணா, ஒரு கணக்குச் செய்தேன், சரியா பாருங்க. எக்ஸ்ரேயில் முறிவு இருக்கிற இடத்தில் இருந்து பிராக்கியோரேடியலிஸுக்கு நரம்பு நுழையிற இடம் வரைக்கும் சித்தியின் தையல் ரேப்பால் அளந்தேன், 9 சென்ரிமீற்றர். நாளுக்கு 1 மில்லிமீற்றர் என்றால் 90 நாள்.


முறிவு வார்ட் அண்ணா | மறுநாள் இரவு 9.20

கணக்கு சரி. தொடக்கத்தில் இழை முளைவிட எடுக்கிற இரண்டு மூன்று கிழமையையும், தசையோட இணைந்து வேலை தொடங்க எடுக்கிற நாளையும் கூட்டுங்க. நாலு மாதம் என்று சித்தப்பாவுக்குச் சொல்லலாம். நியூராபிராக்சியா என்றால் அதற்கு முதலே வரும். நரம்பு மின்பரிசோதனையை முதல் கிழமையில் செய்து பயனில்லை, அறுந்த நரம்பும் சில நாளுக்கு மின்சாரம் கடத்தும். மூன்று கிழமை கழிந்துவிட்டது என்றபடியால் இப்ப கேட்கலாம். நாலு மாதத்தில் ஒரு அசைவும் இல்லை என்றால் சத்திரசிகிச்சை நிபுணரிடம் நேரம் கடத்தாமல் காட்டுங்க. ஒன்றரை வருடத்துக்கு மேல் நரம்பில்லாமல் கிடந்த தசைக்கு நரம்பு போய்ச் சேர்ந்தாலும் அது எழும்பாது.

காத்திருக்கிற காலத்தில் டினெல் சோதனை. முதலாம் உலகப்போரில் காயப்பட்டவர்களைப் பார்த்து 1915இல் பிரெஞ்சு டொக்டர் டினெல் எழுதினது. நரம்பு போகிற வழியில் கீழிருந்து மேலே விரலால் தட்டிக்கொண்டு வாங்க. புறங்கையில் கரண்ட் அடிக்கிற இடம் எது என்று குறிச்சு, மாதம் ஒரு தரம் அளந்து பாருங்க. அந்தப் புள்ளி கீழே இறங்கிக்கொண்டு போனால் இழை வளருது.


உவர்மலைப் பெடியன் | நாலு மாதத்துக்குப் பிறகு, மாலை 6.05

பழைய பதிவைத் திரும்ப எடுத்ததற்கு மன்னிக்கவேணும். கம்பஸ் தொடங்கியதால் எழுதவில்லை. டினெல் புள்ளியை சித்திதான் மாதா மாதம் பேனையால் குறிச்சு வைத்தா, கலண்டரில் அளவும் எழுதியிருக்கிறா. முதல் மாதம் முறிவு இடத்திலேயே. பிறகு 3 சென்ரிமீற்றர், பிறகு 6. போன மாதம் முழங்கையைத் தாண்டிட்டு.

இன்று காலை குச்சவெளியில் சித்தப்பாவின் முன்கையைப் பெருவிரல் மேலே பார்க்கிற மாதிரி வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி நான் மணிக்கட்டைப் பிடிச்சு எதிர்த்தேன். முழங்கை மடிப்புக்கு வெளிப்பக்கம் தோலுக்கு அடியில் கயிறு மாதிரி ஒன்று எழும்பி நின்றது, பிராக்கியோரேடியலிஸ். விட்டால் மறையுது, மடக்கினால் எழும்புது. சித்தப்பா தன் இடது கை விரலை அதன் மேல் வைத்து, மூன்று நாலு தரம் மடக்கிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. சித்தி அடுப்படியில் இருந்து ஓடிவந்தா.

மணிக்கட்டு இன்னும் எழும்பவில்லை.


பிசியோ அக்கா | நாலு மாதத்துக்குப் பிறகு, மாலை 6.22

தம்பி! அடுத்தது மணிக்கட்டுதான். தூக்கச் சொல்லி இப்பவே பார்க்காதீங்க, பாரத்துக்கு எதிராகத் தூக்க அதற்கு இன்னும் பலம் வராது. முன்கையைச் சுண்டுவிரல் பக்கம் கீழே இருக்க மேசையில் சரித்து வைங்க, மேசையில் கொஞ்சம் பவுடர் தூவுங்க, கையைப் பின்பக்கமாக வழுக்கச் சொல்லுங்க. ஒரு கடதாசித் துண்டு நகருகிற அளவு அசைந்தாலும் எனக்கு எழுதுங்க.